புனே கமலாபாயும் நாகர்கோவில் ராஜம்மாளும்

இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படத்தில் கதாநாயகியாக நடித்தவர் ஒரு ஆண். பெயர் அண்ணா சாளுங்கே. பம்பாய் கிராண்ட் ரோடில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மாதம் 10 ரூபாய்க்கு வேலை பார்த்தவரை, 15 ரூபாய் தருகிறேன் என்று தாதாசாகேப் பால்கே கூட்டிக்கொண்டு போய்ச் சேலை கட்டித் தாராமதியாக நிறுத்தினார். 1913 மே 3 அன்று பம்பாய் கொரோனேஷன் சினிமாவில் 'ராஜா ஹரிச்சந்திரா' வெளியானது.

பால்கே விரும்பி ஆணைப் போடவில்லை. கேமரா முன்னால் நிற்க ஒரு பெண்ணும் வரவில்லை. சிவப்பு விளக்குப் பகுதியில் போய்க் கேட்டிருக்கிறார், அவர்களும் மாட்டோம் என்றுவிட்டார்கள். பரேஷ் மோகாஷியின் 'ஹரிச்சந்திராச்சி ஃபேக்டரி' (2009) என்ற மராத்திப் படத்தில் இதெல்லாம் நல்ல நகைச்சுவையாக வரும், கிடைத்தால் பாருங்கள். 1917இல் வந்த 'லங்கா தகன்' படத்தில் இதே சாளுங்கே ராமராகவும் சீதையாகவும் இரண்டு வேடம் கட்டினார். (இரண்டு வேடத்துக்கு இரண்டு சம்பளமா என்று என் வங்கிப் புத்தி கேட்கிறது.)

சரி, முதலில் நடித்த நிஜப் பெண்கள் யார்? அதுவும் பால்கே படம்தான், 1913இல் எடுத்த 'மோகினி பஸ்மாசுர்'. பார்வதியாக துர்காபாய் காமத். மோகினியாக அவருடைய மகள் கமலாபாய். 1900இல் பிறந்த பெண், அப்போது 13 வயது. துர்காபாய் கணவரைப் பிரிந்து, மகளைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். அந்தக் காலத்து மராத்தி நாடக மேடையிலும் பெண் வேடத்தை ஆண்கள்தான் கட்டுவார்கள். நம் ஊர் பாய்ஸ் கம்பெனி கதைதான். பிராமணக் குடும்பத்துப் பெண் மேடை ஏறினால் சொந்தக்காரர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மேடைக்கே அந்தப் பேச்சு என்றால் சினிமாவுக்கு எவ்வளவு பேசியிருப்பார்கள்!

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். 'ராஜா ஹரிச்சந்திரா'வின் சில ரீல்கள் பிழைத்துக் கிடக்கின்றன. (அவை 1913இல் எடுத்ததா, 1917இல் பால்கே மறுபடி எடுத்ததா என்பது ஆராய்ச்சியாளர்களுக்குள் ஒரு தனிச் சண்டை.) தாராமதியும் தோழிகளும் நனைந்த சேலையோடு தொட்டியில் தண்ணீர் வாரி இறைத்து விளையாடுகிறார்கள், அத்தனை பேரும் ஆண்கள். அதை இன்றைக்கும் யூடியூபில் பார்க்கலாம். ஆனால் 'மோகினி பஸ்மாசுர்' படத்தில் ஒரு அடி பிலிம்கூட மிச்சம் இல்லை. பெண் வேடம் போட்ட ஆண் கண்ணுக்குத் தெரிகிறார். முதன்முதலில் துணிந்து வந்து நின்ற பெண்களைக் காணோம்.

நான் படித்தது பி.காம். சினிமாவில் எனக்கு ஞானம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. நாகர்கோவிலில் பிறந்து, வங்கி உத்தியோகத்தில் ஊர் ஊராக மாற்றலாகி, இப்போது பல வருடங்களாகப் புனேயில் குப்பை கொட்டுகிறேன். லா காலேஜ் ரோடு வழியாகப் போகும்போதெல்லாம் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் பலகை கண்ணில் படும். 1964இல் ஆரம்பித்தது. பி.கே. நாயர் என்ற மனிதர் நாடெல்லாம் அலைந்து, குடோனிலும் பரணிலும் கிடந்த டப்பாக்களைப் பொறுக்கிச் சேர்த்த இடம். பால்கேயின் ரீல்களையும் அவர்தான் நாசிக்கில் தேடிப் பிடித்தார். சிவேந்திர சிங் துங்கர்பூர் 'செல்லுலாய்ட் மேன்' (2012) என்று அவரைப் பற்றியே ஒரு ஆவணப்படம் எடுத்திருக்கிறார். ஒரு பதிவேட்டுக் காப்பாளரை நாயகனாக வைத்து இவ்வளவு நீளப் படம் எடுக்க முடியும் என்று வங்கிக்காரனாகிய எனக்கே நம்பிக்கை வந்தது அதைப் பார்த்த பிறகுதான்.

பழைய படங்கள் ஏன் போயின என்பதற்கு நாயர் சொன்ன காரணங்களில் ஒன்று எனக்கு உடனே விளங்கியது. பிலிமில் வெள்ளி இருக்கிறது. கருப்பு வெள்ளைப் படத்தின் உருவமே வெள்ளித் துகள்தான். ஓடி முடிந்த படத்துக்கு அன்று வேறு மதிப்பு கிடையாது. டிவி கிடையாது, கேசட் கிடையாது, இரண்டாம் வியாபாரமே கிடையாது. அதனால் கழுவி வெள்ளியை எடுத்து விற்றுவிட்டார்கள். இந்தியாவின் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா'வின் (1931) மிச்ச ரீல்கள்கூட அப்படித்தான் போயின என்று ஆர்தேஷிர் இரானியின் மகனே தன்னிடம் சொன்னதாக நாயர் சொல்லியிருக்கிறார். தாலியை உருக்கி எடைக்குப் போடுகிறவர்களை எங்கள் கவுண்டரில் தினமும் பார்க்கிறேன். இவர்கள் ஜுபைதாவின் முகத்தையே உருக்கி எடைக்குப் போட்டிருக்கிறார்கள்.

மிச்சத்தைத் தீ பார்த்துக்கொண்டது. அந்தக் கால நைட்ரேட் பிலிம் வெடிமருந்து மாதிரி. 2003 ஜனவரியில் இதே புனேயில், திரைப்படக் கல்லூரி வளாகத்தில் நைட்ரேட் பிலிம் வைத்திருந்த கிடங்கு எரிந்தது. இந்தியாவில் எடுத்த மௌனப் படங்கள் 1,000க்கும் மேல். அவற்றில் முழுதாகவோ துண்டாகவோ இன்று இருப்பவை மிகச் சில.

மௌனப் பட நட்சத்திரங்களிலேயே பெரிய நட்சத்திரம் சுலோசனா. நிஜப்பெயர் ரூபி மையர்ஸ், யூதப் பெண், டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். 1927இல் 'ஒயில்ட்கேட் ஆஃப் பாம்பே' படத்தில் எட்டு வேடம். நம் ஆட்கள் ஒன்பது, பத்து என்று போடுவதற்கெல்லாம் முன்னோடி ஒரு பெண். அந்தப் படமும் இல்லை. 1973இல் பால்கே விருது கொடுத்தார்கள். 1983இல் பம்பாயில் காலமானார்.

கமலாபாய்க்கு வருகிறேன். நாடகக்காரரான ரகுநாத்ராவ் கோகலேயைக் கல்யாணம் செய்து கமலாபாய் கோகலே ஆனார். இருபத்தைந்து வயதுவாக்கில் கணவர் போய்விட்டார், வளர்க்க மூன்று ஆண் பிள்ளைகள். மேடையிலேயே உழைத்து வளர்த்தார். நாடகத்தில் ஆண் வேடமும் கட்டினார். ஆண்கள் பெண் வேடம் கட்டிய மேடையில் ஒரு பெண் ஆண் வேடம் கட்டி மூன்று பையன்களுக்குச் சோறு போட்டிருக்கிறார். பையன்களில் இரண்டு பேர் தபலா வித்வான்கள். மூன்றாமவர் சந்திரகாந்த் கோகலே, மராத்தியில் பெரிய நடிகர். அவர் மகன் விக்ரம் கோகலே. 'ஹம் தில் தே சுகே சனம்' (1999) படத்தில் ஐஸ்வர்யா ராயின் பாடகர் அப்பாவாக வருவாரே, அவர்தான். 2022இல் இங்கே புனேயில் காலமானபோது பத்திரிகைகள் எல்லாம் பாட்டியையும் ஒரு வரி நினைத்துக்கொண்டன.

அந்தப் பாட்டியை நான் பார்த்திருக்கிறேன், படத்தில்தான். சில வருடங்களுக்கு முன்னால் இங்கே ஒரு சின்னத் திரையிடலில் நாற்பது பேரோடு உட்கார்ந்து ரீனா மோகனின் 'கமலாபாய்' ஆவணப்படத்தைப் பார்த்தேன். 1990களின் தொடக்கத்தில் வந்தது, முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். ரீனா மோகன் இந்தப் புனே திரைப்படக் கல்லூரியில் எடிட்டிங் படித்தவர். இதுதான் அவருடைய முதல் படம். பெரிய கம்பெனிப் பணம் எதுவும் இல்லாமல், கையில் காசு வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து முடித்த படம். தேசிய விருதும் வாங்கியது.

படத்தில் கமலாபாய்க்கு வயது 90ஐ ஒட்டி. கண் பார்வை மங்கிவிட்டது. புனேயில் தனியாக இருக்கிறார். பரிதாபப்பட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தால் நாம் ஏமாந்துபோவோம். பேசிக்கொண்டே இருக்கும்போது அறுபது எழுபது வருடத்துக்கு முந்தைய நாடக வசனத்துக்குள் போய்விடுகிறார். குரல் மாறுகிறது, கை மாறுகிறது. எது நினைவு, எது நடிப்பு என்று பிரிக்க முடியவில்லை. எனக்கு மராத்தி ஆபீஸ் மராத்திதான், பாதி வசனம் புரியவில்லை. ஆனால் கேமரா இருப்பது அவருக்குத் தெரிகிறது என்பதும், அது அவருக்குப் பிடித்திருக்கிறது என்பதும் நன்றாகவே புரிந்தது. 13 வயதில் பால்கேயின் கேமரா முன்னால் என்ன செய்திருப்பார் என்று பார்க்க நமக்கு வழியில்லை. இந்தக் கிழவியின் கையசைவிலிருந்து ஊகிக்க வேண்டியதுதான். நான் அப்படித்தான் பார்த்தேன்.

எங்கள் கிளையில் ஒவ்வொரு நவம்பரிலும் பென்ஷன்காரர்கள் லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வருவார்கள். உயிரோடுதான் இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். வர முடியாதவர்கள் வீட்டுக்கு நாங்களே போவதும் உண்டு. ரீனா மோகன் செய்தது அதுதான் என்று எனக்குத் தோன்றியது. கொஞ்சம் தாமதித்திருந்தால் கணக்கு மூடியிருக்கும்.

ஆவணப்படம் என்ற சொல்லை யார் உண்டாக்கினார்களோ, அவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும். பத்திரம், பட்டா, ஈடு எல்லாம் ஆவணம். ஆனால் இந்த ஆவணத்தை எந்த வங்கியும் ஏற்காது. 1998இல் மத்திய அரசு சினிமாவைத் தொழிலாக அறிவித்தது, அதற்கப்புறம் வங்கிகள் படத்துக்குக் கடன் தரலாம் என்று ஆயிற்று. அதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு. தொண்ணூறு வயதுப் பாட்டியைப் படம் எடுக்கப் போகிறேன், வசூல் இருக்காது, ஈடாகத் தர ஒன்றும் இல்லை என்று யாராவது விண்ணப்பம் கொண்டு வந்தால் நானே நாற்காலியைக் காட்டி, தண்ணீர் கொடுத்து, அனுப்பிவைத்துவிடுவேன். என்னுடைய படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது. அதனால்தான் இந்த மாதிரிப் படங்கள் எப்போதும் எடிட்டிங் கூலியிலும் சிநேகிதர்களின் கைமாற்றிலும் வளர்கின்றன.

சொந்தக்காரர்களே எடுத்தால் வேலை கொஞ்சம் சுலபம். சாட்டையைச் சுழற்றிக்கொண்டு ஓடும் ரயில் மேல் சண்டை போட்ட நாடியாவைப் பற்றி (ஆஸ்திரேலியாவில் பிறந்த மேரி ஈவான்ஸ், 1935இல் 'ஹண்டர்வாலி') ரியாத் வாடியா 1993இல் ஆவணப்படம் எடுத்தார். தயாரித்த வாடியா குடும்பத்துப் பையன், வீட்டிலேயே பிலிம் இருந்தது. வீட்டில் பிலிமும் இல்லை, படமே இல்லை, பெயரே மாறிவிட்டது என்றால்?

இங்கேதான் என் ஊர் வருகிறது.

மலையாளத்தின் முதல் படம் 'விகதகுமாரன்'. எடுத்தவர் ஜே.சி. டேனியல், எங்கள் பக்கத்து அகஸ்தீஸ்வரத்துக்காரர். குடும்ப நிலத்தை விற்றுத் திருவனந்தபுரம் பட்டத்தில் ஸ்டுடியோ போட்டார். எழுதி, இயக்கி, கேமரா பிடித்து, தானே கதாநாயகனாகவும் நடித்தார். கதாநாயகி பி.கே. ரோஸி. புல் அறுத்துப் பிழைத்த, காக்காரிசி நாடகத்தில் நடித்துவந்த புலையர் சாதிப் பெண். படத்தில் அவருக்கு நாயர் பெண் வேடம்.

1930 அக்டோபரில் (1928 என்று எழுதுகிறவர்களும் உண்டு) திருவனந்தபுரம் கேபிட்டல் தியேட்டரில் படம் திரையிடப்பட்டது. தாழ்த்தப்பட்ட சாதிப் பெண் நாயர் பெண்ணாக நடிப்பதா என்று கூட்டம் கொதித்தது. திறப்பு விழாவுக்கு வந்த பெரிய மனிதர், அந்தப் பெண் உள்ளே இருந்தால் தான் வரமாட்டேன் என்றாராம். ரோஸியின் தலையில் இருந்த பூவை நாயகன் முத்தமிட்ட காட்சி வந்ததும் திரை மேல் கல் பறந்தது. பிறகு ரோஸியின் குடிசைக்குத் தீ வைத்தார்கள். அவர் ஓடி, வழியில் வந்த லாரியில் ஏறி, தப்பி வந்து சேர்ந்த ஊர் நாகர்கோவில். அந்த லாரி டிரைவரையே கல்யாணம் செய்துகொண்டார். அவர் நாயர். ரோஸி, ராஜம்மாள் ஆனார். அதற்கப்புறம் எந்த கேமரா முன்னாலும் நிற்கவில்லை. நடிகையாக இருந்த கதையை வெளியே பேசவும் இல்லை.

நான் நாகர்கோவிலில் வளர்ந்து, கல்லூரி முடித்து வெளியே வரும் வரைக்கும் இந்தப் பெயரைக் கேட்டதில்லை. கமல் இயக்கிய 'செல்லுலாய்ட்' மலையாளப் படம் 2013இல் வந்த பிறகு அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "அந்தக் காலத்துல ராஜம்மான்னு தெருவுக்கு நாலு பேரு உண்டு மக்கா. எந்த ராஜம்மான்னு நான் கண்டேன்?" என்றாள்.

'விகதகுமாரன்' நாகர்கோவிலிலும் காட்டப்பட்டிருக்கிறது. யோசித்தால் கொஞ்சம் நடுக்கமாகத்தான் இருக்கிறது. எந்த முகத்துக்காக வீட்டை எரித்தார்களோ, அந்த முகத்தைத் திரையில் பார்த்தவர்கள் இருந்த ஊரில்தான் அவர் பெயரை மாற்றிக்கொண்டு கடைக்குப் போய்வந்து குடித்தனம் நடத்தியிருக்கிறார். யாருக்கும் அடையாளம் தெரியவில்லையா, தெரிந்தவர்கள் நல்லவர்களாக இருந்து வாயை மூடிக்கொண்டார்களா?

படமும் போயிற்று. டேனியல் கடனில் மூழ்கிப் பல் வைத்தியத்துக்குத் திரும்பினார். வயதான காலத்தில் கேரள அரசிடம் உதவித்தொகை கேட்டபோது, நீங்கள் தமிழ்நாட்டில் அல்லவா இருக்கிறீர்கள் என்று பதில் வந்தது. 1956 நவம்பர் 1 அன்று எங்கள் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததன் பக்க விளைவு! 1975இல் அகஸ்தீஸ்வரத்தில் இறந்தார். சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் என்ற பத்திரிகையாளர் விடாமல் எழுதி எழுதித்தான் அவருக்கு மலையாள சினிமாவின் தந்தை என்ற இடம் கிடைத்தது. 1992 முதல் கேரள அரசின் பெரிய சினிமா விருதே அவர் பெயரில்தான். ரோஸிக்கு அதற்குமேலும் காலம் பிடித்தது. வினு ஆபிரகாமின் 'நஷ்ட நாயிகா' நாவல் 2008இல் வந்தது, பிறகு 'செல்லுலாய்ட்'. சென்னையில் பா. ரஞ்சித்தின் நீலம் அமைப்பு ரோஸி பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது. 2023 பிப்ரவரி 10 அன்று கூகிள் முகப்பில் அவர் படம் வந்தது. வரைந்த படம். வரைய ஆதாரமாக இருப்பது ஒரே ஒரு மங்கிய புகைப்படம், அதுவும் அவர்தானா என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு.

கமலாபாய்க்கும் ரோஸிக்கும் வயதில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு பேரும் நாடக மேடையிலிருந்து வந்தவர்கள். இரண்டு பேரின் முதல் படமும் தொலைந்தது. கமலாபாயைச் சொந்த சாதி முகம் சுளித்தது, ஆனாலும் மேடை ஏற விட்டது. ரோஸியை ஊரே விரட்டியது. இதை அதிர்ஷ்டம் என்றோ காலக்கொடுமை என்றோ எழுதி முடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு ஒப்பவில்லை. சாதிதான். கமலாபாய்க்குத் தன் பெயரோடு கிழவியாகும் வசதி இருந்தது, அதனால் ஒரு ரீனா மோகன் கதவைத் தட்ட முடிந்தது. ராஜம்மாளின் கதவை யாராவது கேமராவோடு தட்டியிருந்தால் அவர் பாடுபட்டு மூடிவைத்த வாழ்க்கை தெருவுக்கு வந்திருக்கும். அவருக்கு ஒரு ஆவணப்படம் அமையவில்லையே என்று நான் வருத்தப்படும்போதெல்லாம் இந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறேன். அவர் அதை விரும்பியிருப்பாரா?

எங்கள் ஊர் சம்பந்தப்பட்ட இன்னொரு மௌனப் படம் பிழைத்திருக்கிறது, பிழைத்த விதம்தான் தமாஷ். டேனியலின் உறவினர் ஆர். சுந்தர்ராஜ், நாகர்கோவில்காரர், 'மார்த்தாண்ட வர்மா'வைத் தயாரித்தார். 1933இல் அதே கேபிட்டல் தியேட்டரில் வெளியீடு. சி.வி. ராமன் பிள்ளையின் நாவலுக்கு உரிமை எங்களிடம் இருக்கிறது என்று கமலாலயா புத்தகக் கடை வழக்குப் போட்டது. படம் நின்றது, பிரிண்ட் ஜப்தியானது. தயாரிப்பாளர் கவிழ்ந்தார். ஆனால் ஜப்தியான பிரிண்டை யாரும் வெள்ளிக்காகக் கழுவவில்லை, தூக்கிப் போடவில்லை. அது பாட்டுக்குக் கிடந்தது. 1974இல் புனே காப்பகத்துக்கு வந்து சேர்ந்தது. தென்னிந்திய மௌனப் படங்களில் பார்க்கக் கிடைப்பது இது ஒன்றுதான் என்கிறார்கள். ஜப்தி செய்து ஒரு பொருளைக் காப்பாற்றிய கதையை என் சர்வீஸில் நான் கேள்விப்பட்டது இது ஒன்றுதான்!

'விகதகுமாரன்' மேலும் யாராவது வழக்குப் போட்டிருக்கலாம். கல் எறிந்தவர்கள் கோர்ட்டுக்குப் போயிருந்தால் ரோஸியின் முகம் இன்று லா காலேஜ் ரோடில் ஒரு டப்பாவில் இருந்திருக்கும்.

நாகர்கோவில், திருவனந்தபுரம் பக்கம் பழைய வீடு இடிக்கிறவர்கள், மச்சைக் காலி செய்கிறவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். அந்தக் கால சினிமா நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், தியேட்டர் டிக்கெட், துருப்பிடித்த பிலிம் டப்பா எது கிடைத்தாலும் ஆக்கர்காரனுக்கு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். புனே காப்பகம் இதையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளும். பிலிம் டப்பா என்றால் மட்டும் வெயிலில் வைக்காதீர்கள், பக்கத்தில் பீடி பற்றவைக்காதீர்கள். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது நானே வந்து வாங்கிக்கொள்கிறேன், ரயிலில் எடுத்துவர முடியாதது பிலிம் மட்டும்தான், அதற்கு வேறு வழி பார்க்கலாம்.